பாலாற்று மணலை அள்ளியது கரியமில வாயுவா?

வேலூர் மாவட்டம் கே.வி.குப்பம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சகோதரி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். எழுபது வயதைத் தாண்டிய அவருடைய மாமனார், "வேலூர் வெயில் என் தாத்தா காலத்திலேயே இப்படித்தான், காலநிலை மாற்றமெல்லாம் வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை" என்கிறார். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளோ, 2030-க்குள் உலகம் வாழத் தகுதியற்றதாகிவிடும் என்று கைப்பேசியில் எதையோ பார்த்துவிட்டு இரவில் தூங்காமல் அழுகிறாள். இருவருக்கும் காட்டுவதற்கு நல்ல ஆதாரங்களைத் தரும்படி அவர் கேட்கிறார். ஆனால் அவருக்கு உண்மையில் வேண்டியது ஆதாரம் அன்று என்றே நான் புரிந்துகொள்கிறேன். ஒரே கூரையின் கீழ் இருக்கும் இருவரிடம் ஒரே உண்மையை, பெரியவரின் அனுபவத்தை அவமதிக்காமலும் சிறுமியின் அச்சத்தை வளர்க்காமலும், பொய் கலக்காமல் எப்படிப் பேசுவது என்பதுதான் அவருடைய கேள்வி.

நான் வேளாண் பட்டதாரி. வேளாண்மைத் துறையில் 27 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அவற்றில் பெரும்பகுதியைக் குடியாத்தம், அணைக்கட்டு, பேரணாம்பட்டு வட்டாரங்களில் உழவர்களோடு பேசியே கழித்தேன். வானிலை அறிவியலை ஒரு பாடமாகப் படித்ததோடு சரி, அதில் ஆய்வு செய்தவன் அல்லன். மனநல மருத்துவனும் அல்லன். ஆகவே மழை, பயிர், உழவர் பேச்சு ஆகியவற்றைப் பற்றிச் சற்று உறுதியாகவும், குழந்தையின் மனத்தைப் பற்றிக் கொஞ்சம் தயக்கத்தோடும் எழுதுகிறேன்.

முதலில் மாமனார் சொல்வதில் எவ்வளவு சரி என்று பார்த்துவிடுவோம். வேலூரின் வெயில் பழையதுதான். கடலிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊர் இது. சென்னையைப் பிற்பகலில் ஆற்றும் கடற்காற்று இங்கே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும், பல நாட்களில் வருவதேயில்லை. ஊரைச் சுற்றி நிற்கும் மரமற்ற பாறைக் குன்றுகள் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவில் அதைத் திருப்பித் தருகின்றன. வெள்ளமும் புதிதன்று. 1903 நவம்பரில் பாலாறு வாணியம்பாடியை அடித்துச் சென்றது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் வட ஆற்காட்டைக் கடுமையாகத் தாக்கியது. இவற்றையெல்லாம் தாத்தாவிடமிருந்து கேட்டு வளர்ந்த ஒருவரிடம் போய் "முன்பு எல்லாம் நன்றாக இருந்தது, இப்போதுதான் கெட்டுவிட்டது" என்று பேச்சைத் தொடங்கினால், அவர் அந்த நொடியே காதை மூடிக்கொள்வார். அதில் தவறும் இல்லை.

இதை நான் சூடுபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்த 2016-ஆம் ஆண்டை அடுத்த கோடையில், பாலாற்றங்கரைக் கிராமம் ஒன்றின் வேப்பமரத்தடியில், காலநிலை மாற்றம் பற்றி விளக்குவதற்காகப் பெரிய வண்ணப் படங்களோடு போயிருந்தேன். உருகும் பனிப்பாறை, மெலிந்த பனிக்கரடி, மேல்நோக்கி ஏறும் சிவப்புக் கோடு என எல்லாம் அதில் இருந்தன. நாற்பது நிமிடம் பேசிவிட்டு, "இதனால்தான் பாலாறு வறண்டு கிடக்கிறது" என்று முடித்தேன். பின்வரிசையில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்ட ஒரு பெரியவர் எழுந்து, "சார், எல்லாம் சரி. பாலாத்து மணலை லாரி லாரியா அள்ளினது கரியமில வாயுவா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. என்னிடம் பதில் இல்லை. அன்று நான் சொன்னவற்றில் பெரும்பகுதி சரியான தகவல்தான். ஆனால் அந்த ஒரு பிழையான வாக்கியம் மற்ற அனைத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அந்தப் பெரியவர் கேட்டதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், ஏனெனில் நம் மாவட்டத்தில் காலநிலை பற்றிய பேச்சு தடம் புரள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தின் வழியே வந்து, மொத்தம் 348 கிலோமீட்டரில் 222 கிலோமீட்டரை நம் மாநிலத்தில் கடக்கிறது. சென்னை மாகாணத்துக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் 1892-இல் ஏற்பட்ட நதிநீர் ஒப்பந்தத்திலேயே இதன் பெயர் இருக்கிறது. அப்படியிருந்தும் மேலே அணைகளும் தடுப்பணைகளும் எழுந்தன. கீழே நாம் மணலை அள்ளினோம். மணல்தான் பாலாற்றின் நீர்த்தொட்டி. மேலே காய்ந்து தெரிந்தாலும் அடியில் ஈரத்தை ஆண்டு முழுவதும் பிடித்து வைத்திருந்தது அதுவே. தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது. அது உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-இல் தீர்ப்பாகி, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றச் செய்தது. போதாததற்கு ஆழ்துளைக் கிணறுகள். இவற்றுள் எதுவும் காலநிலை மாற்றம் அன்று. வானம் செய்தது எது, மனிதக் கை நேரடியாகச் செய்தது எது என்று பிரித்துச் சொல்லத் தெரியாதவனை உழவர் நம்பமாட்டார். காலநிலை மாற்றத்தின் மீது எல்லாப் பழியையும் போடுவது மணல் அள்ளியவர்களுக்கு வசதியான பேச்சு என்பதையும் அவர் நம்மைவிட நன்றாக அறிவார்.

இனி உறுதியானவை. 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் உலகின் சராசரி வெப்பம், 1850–1900 கால அளவைவிட ஏறத்தாழ 1.1 டிகிரி செல்சியஸ் கூடியிருந்தது. இதற்கு மனிதச் செயல்பாடே காரணம் என்பதில் அறிவியலாளர்களிடையே இன்று ஐயம் இல்லை. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420 பங்கைத் தாண்டிவிட்டது. அந்த வாயு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பதும் நேற்று வந்த கண்டுபிடிப்பு அன்று; 1850-களிலேயே ஆய்வகத்தில் காட்டப்பட்டது. இதை விளக்கப் பாடநூல்கள் கண்ணாடி வீட்டை உவமை சொல்லும். நம் ஊரில் எத்தனை பேர் கண்ணாடி வீட்டைப் பார்த்திருக்கிறார்கள்? நான் வேறு விதமாகச் சொல்வேன். மார்கழியில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும் இரவில் விடியற்காலைக் குளிர் நடுக்கும், பனி கொட்டும்; மேகம் மூடிய இரவில் அவ்வளவு குளிராது, பனியும் இறங்காது. பகலில் சூடான நிலம் இரவில் அந்தச் சூட்டை வானுக்கு அனுப்பும்போது மேகம் குறுக்கே நின்று ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. கரியமில வாயுவும் அதே வேலையைச் செய்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாமல், இரவு பகல் பாராமல். இதை உங்கள் மாமனார் ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொள்வார். ஏனெனில் பாதி விளக்கம் ஏற்கனவே அவரிடம் இருக்கிறது.

அவர் "எனக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லையே" என்றால் அதுவும் நேர்மையான சொல்தான். மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 0.7 டிகிரி கூடியிருக்கிறது. ஒரு நாளுக்குள் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறி இறங்கும் ஊரில் 0.7 டிகிரியை எந்த உடம்பும் உணராது. ஆனால் சராசரியில் சிறிதாகத் தெரியும் இந்த ஏற்றம், கடும் வெப்ப நாட்களின் எண்ணிக்கையைக் கணிசமாகக் கூட்டிவிடும். "வெள்ளைக்காரன் கதை" என்று அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது, அதையும் ஒப்புக்கொள்ளுங்கள். இதுவரை எரிபொருளிலிருந்து காற்றில் சேர்ந்த கரியமில வாயுவில் அமெரிக்காவின் பங்கு மட்டும் ஏறத்தாழ நான்கில் ஒன்று. இந்தியரின் தலைக்கான வெளியேற்றம் இன்றும் உலகச் சராசரியில் பாதியைத் தொடவில்லை. கதையை அவர்கள் கட்டவில்லை, கரியை அதிகம் எரித்தார்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள். அவர் மறுப்பதற்குப் பதில் கோபப்படுவார், அது முன்னேற்றமே.

இப்போது ஐயத்துக்குரியவை. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் முட்ட ஓடியதே, அது காலநிலை மாற்றத்தால் வந்ததா? 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது, அதே மழையில் திருவண்ணாமலையில் மண் சரிந்தது. இவையும் அதன் விளைவுதானா? ஆம் என்றும் இல்லை என்றும் ஒற்றைச் சொல்லில் விடை சொல்பவர் இருவரையும் நம்பாதீர்கள். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும், ஆகவே கொட்டும் மழை முன்பைவிடக் கடுமையாகக் கொட்ட வாய்ப்பு கூடுகிறது. இது இயற்பியல், இதில் ஐயம் குறைவு. ஆனால் குறிப்பிட்ட ஒரு வெள்ளத்தில் அதன் பங்கு எவ்வளவு என்பதை அந்த நிகழ்வைத் தனியே ஆராய்ந்தால்தான் சொல்ல முடியும். பருவமழையின் மொத்த அளவு இன்னும் சிக்கலானது. 1951 முதல் 2015 வரை இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை ஏறத்தாழ 6 விழுக்காடு குறைந்தது. அதில் காற்றிலுள்ள தூசிக்கும் புகைக்கும் பங்கு உண்டு என்கிறார்கள். ஆனால் இனி வரும் பத்தாண்டுகளில் அது கூடும் என்பதே பெரும்பாலான கணிப்பு. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையைப் பற்றிய கணிப்புகளில் இந்த அளவு ஒற்றுமைகூட இல்லை. "இனி மழையே இருக்காது" என்று மேடையில் முழங்குபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

ஐயத்தை மறைத்துப் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு என்னிடமே ஒரு சான்று உண்டு. ஒரு புரட்டாசியில், கனமழைக்கு வாய்ப்பு உண்டு என்று வந்த முன்னறிவிப்பை, ஆர்வக் கோளாறில் "நாளை மழை உறுதி, மல்லாட்டையை இன்றே பிடுங்கிவிடுங்கள்" என்று (மல்லாட்டை என்பது எங்கள் பக்கத்தில் நிலக்கடலை) நான் ஊர் ஊராகச் சொல்லிவிட்டேன். சிலர் இரட்டைக் கூலி கொடுத்து, காய் முற்றாத கொல்லையையும் சேர்த்துப் பிடுங்கினார்கள். மறுநாள் வானம் பளிச்சென்று இருந்தது. டீக்கடையில் ஒருவர், "நீங்க சொன்ன மழை எந்த ஊருக்குப் போச்சு சார்?" என்று மெதுவாகத்தான் கேட்டார், திட்டியிருந்தால் தேவலை. முன்னறிவிப்பில் பிழை இல்லை, "வாய்ப்பு" என்ற சொல்லை விழுங்கியது என் பிழை. அதன் பிறகு, "பத்து முறை இப்படிச் சொன்னால் ஆறேழு முறை பெய்யும், மூன்று நான்கு முறை ஏமாற்றும், முற்றிய கொல்லையானால் பிடுங்கலாம், முற்றாததானால் பொறுக்கலாம்" என்ற பாணியில் பேசத் தொடங்கினேன். உழவர்கள் வாய்ப்புக் கணக்கைப் புரிந்துகொள்ளமாட்டார்கள் என்று அலுவலகங்களில் சொல்வார்கள். மானாவாரியில் ஆடிக்கு ஆடி விதையை மண்ணில் போடுகிறவருக்கா வாய்ப்புக் கணக்கு தெரியாது?

ஆகவே மாமனாரிடம் விளக்கிச் சொல்வதைக் குறைத்துக்கொண்டு, கேட்பதைக் கூட்டுங்கள். மாடு பூட்டிக் கவலை கட்டி இறைத்த காலத்தில் கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் இருந்தது, எந்த ஆண்டு போர் போட்டீர்கள், ஓர் உழவு மழை முன்பு எந்த மாதத்தில் கிடைக்கும், கத்திரி வெயில் காலத்தில் வாசலில் கட்டில் போட்டுப் படுத்தால் எத்தனை மணிக்குக் காற்று குளிரும் என்றெல்லாம் கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியமானது. நம் ஊரில் எல்லோரும் பகல் வெயிலையே பேசுகிறோம். "வேலூரில் வெயில் சதமடித்தது" என்று செய்தித்தாள்கள் கிரிக்கெட் போலத் தலைப்பிடுகின்றன. 100 பாரன்ஹீட் என்பது 37.8 டிகிரி செல்சியஸ். அது முழு எண்ணாக அமைந்ததைத் தவிர அதற்கு வேறு சிறப்பு ஒன்றும் இல்லை. பயிருக்கும் உடம்புக்கும் கூடுதல் கவலை தருவது ஆறாத இரவு. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் கிடைத்த விளைச்சலைக் கொண்டு 2004-இல் வெளியான ஆய்வு ஒன்று, இரவு வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் நெல் விளைச்சல் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைவதாகக் கண்டது. அந்த எண்ணை அப்படியே நம் வயலுக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் பகலில் சேர்த்த மாவுச்சத்தைச் சூடான இரவில் பயிர் தன் மூச்சுக்கே செலவழித்துவிடுவது ஒரு காரணமாகலாம் என்ற விளக்கம் எந்த உழவருக்கும் புரியும்.

மகளைப் பற்றி. 2030 என்ற ஆண்டு எங்கிருந்து வந்தது என்பதை அவளுக்குக் காட்டுங்கள். ஐ.நா.வின் காலநிலைக் குழு 2018-இல் வெளியிட்ட அறிக்கை, வெப்ப ஏற்றத்தை 1.5 டிகிரிக்குள் நிறுத்த வேண்டுமானால் 2030-க்குள் உலகின் கரியமில வாயு வெளியேற்றம் 2010-ஆம் ஆண்டு அளவிலிருந்து ஏறத்தாழ 45 விழுக்காடு குறைய வேண்டும் என்றது. அது ஓர் இலக்கு. அதைத்தான் தலைப்புச் செய்திகள் உலகம் முடியும் நாளாக்கிவிட்டன. 2024-ஆம் ஆண்டு 1.5 டிகிரியைத் தாண்டியது உண்மை; ஆனால் அந்த வரம்பு நீண்டகாலச் சராசரிக்கு உரியது, ஓராண்டுக்கு உரியது அன்று. வரம்பைத் தாண்டினால் எல்லாம் முடிந்தது என்பதும் இல்லை; 1.6-இல் நிற்பது 1.8-இல் நிற்பதைவிட நல்லது, 2-இல் நிற்பது 2.5-ஐவிட நல்லது. மனிதர் காற்றில் சேர்க்கும் கரியமில வாயுவும் திரும்ப எடுப்பதும் ஈடாகி, உலகின் நிகர வெளியேற்றம் சுழியத்தைத் தொட்டால், மேற்கொண்டு வெப்பம் ஏறுவது பெருமளவு நின்றுவிடும் என்பதும் இன்றைய அறிவியலின் முடிவுதான். இதை ஏனோ யாரும் குழந்தைகளிடம் சொல்வதில்லை. அதே நேரத்தில் "ஒன்றும் ஆகாது, போய்த் தூங்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவள் படித்ததில் பாதி உண்மை. அதை நீங்கள் மறுத்தால் மீதிப் பாதிப் பொய்யையும் சேர்த்து நம்புவாள். முதலில் அவள் என்ன படித்தாள் என்பதை முழுவதும் கேளுங்கள். படுக்கும் நேரத்தில் கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். தூக்கமின்மையும் உணவில் வெறுப்பும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது காலநிலைப் பேச்சால் தீரக்கூடியது அன்று. தயங்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அவள் நாகநதியைப் போய்ப் பார்க்க முடிந்தால் நல்லது. வறண்டு கிடந்த அந்த ஆற்றின் வழியில் ஊர்ப் பெண்கள் நூறு நாள் வேலைத் திட்டத்தில் நீர் செறிவூட்டும் கிணறுகளையும் கற்தடுப்புகளையும் கட்டி நிலத்தடி நீரை மீட்டார்கள். அது கரியமில வாயுவைக் குறைத்த வேலை அன்று. மழை தாறுமாறாகப் பெய்தாலும் ஊர் தாக்குப்பிடிக்கச் செய்த வேலை. பெரியவரும் சிறுமியும் ஒன்றாக நின்று ஒப்புக்கொள்ளக்கூடிய இடம் அது. காலநிலை மாற்றத்தை நம்பாதவருக்கும் கிணற்றில் நீர் வேண்டும்.

அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அது விவாதத்துக்கு அப்பாற்பட்டது. எழுபது வயதுக்காரர் சித்திரை, வைகாசியில் காலை 11 மணி முதல் 3 மணி வரை கொல்லையில் நிற்கக் கூடாது. வானிலை நிலையம் சொல்லும் 40 டிகிரி, நிழல் கூண்டுக்குள் அளந்தது. உழுது போட்ட வெற்று நிலத்தில் நிற்பவர் அதைவிட அதிகம் தாங்குகிறார். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. கூழும் மோரும் நல்லவைதான். ஆனால் பேச்சு குழறினாலோ, நிலைதடுமாறினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ, வியர்வை வழிந்துகொண்டிருந்தாலும்கூட அது வெப்பத்தாக்கு என்று கொண்டு, நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறியபடியே 108-க்கு அழைக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. "வெயில் எனக்குப் பழக்கம்" என்று அவர் சொல்வார். பழகிய உடம்புக்கும் வயதாகிறது என்று சொல்லத் தகுந்தவர் அவருடைய மனைவியோ, அதே வயது நண்பரோதான். மருமகள் சொன்னால் எடுபடாது.

கடைசியாக, தாத்தாவையும் பேத்தியையும் ஒரே வேலையில் உட்கார வைக்க நான் பல ஊர்களில் செய்து பார்த்தது. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள நேரான தகர டப்பா ஒன்றை, மரத்துக்கும் சுவருக்கும் அவற்றின் உயரத்தைப்போல இரு மடங்கு தள்ளி, திறந்த வெளியில் சாயாமல் நட்டுவையுங்கள். வானிலைத் துறை அளக்கும் அதே காலை 8.30 மணிக்கு, பேத்தி அளவுகோலை விட்டு எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து எழுதட்டும். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். அதற்கு எதிரே, மண்ணில் ஈரம் எவ்வளவு இறங்கியது, அது உழவு மழையா வெறும் தூறலா என்று தாத்தா தன் கணக்கில் சொல்வதை இன்னொரு பத்தியில் எழுதட்டும். ஆடி பிறப்பதற்குள் தொடங்கினால் இரண்டு பருவமழையின் பெரும்பகுதியும் நோட்டில் ஏறும். நாய் தட்டிவிட்டதாலோ ஊருக்குப் போனதாலோ விட்டுப்போன நாளில் மட்டும் சுழியம் போட வேண்டாம். "அளக்கவில்லை" என்று எழுதச் சொல்லுங்கள்.